இடிக்க விடாதவர்களுக்கு நன்றி

பெங்களூர் அல்சூர் பஜார் தெருவில் இருக்கும் எங்கள் தாத்தா காலத்துக் கடைக் கட்டடத்தைப் பழுதுபார்த்து, சாரத்தைப் பிரித்துவிட்டோம். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்து, "நல்லா செஞ்சிருக்கீங்க" என்று எங்களைப் பாராட்டுகிறார்கள். கேட்கக் கூச்சமாக இருக்கிறது. பணம் போட்டது நாங்கள், அலைந்தது நாங்கள், சரி. ஆனால் இந்த வேலையில் பெரிய உதவி செய்தவர்கள் பலர் எங்களிடம் "முடியாது", "வேண்டாம்" என்று சொன்னவர்கள்தான். அவர்களுக்கு நாலு பேர் அறிய நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் எங்கள் பெரிய அத்தைக்கு. மாடி ஒழுகி, பின்சுவரில் அரசஞ்செடி வேர்விட்டு, கட்டடம் கேட்பாரற்றுக் கிடந்த சமயத்தில் பில்டர் ஒருவர் வந்தார். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டிப் பாதியை நமக்கே தருகிறேன் என்றார். பங்குள்ளவர்கள் எல்லோரும் தலையாட்டியாயிற்று, அத்தை மட்டும் கையெழுத்துப் போடவில்லை, பில்டரிடம் ஒரு பழைய கதையை எடுத்தார். கப்பன் பார்க் பக்கம் இருக்கும் சிவப்பு ஐகோர்ட், அதாவது அட்டாரா கச்சேரி, 1868இல் கட்டி முடித்தது. அதைக் காண்ட்ராக்ட் எடுத்துக் கட்டியவர் நம் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார். 1980களில் அதையே இடிக்கப் பார்த்தார்கள். காப்பாற்றச் சொல்லிப் போட்ட வழக்கு அதே கட்டடத்துக்குள் விசாரணைக்கு வந்தது. இதையெல்லாம் அத்தை விரல்விட்டுச் சொல்லி முடித்து, "அதுவே இன்னும் நிக்குது. இது எங்கப்பா கல்லாவுல உக்காந்த இடம். யாரு கடப்பாரை எடுக்கறாங்கன்னு பாக்கறேன்" என்றார். பில்டர் காபியைக்கூட முழுதாகக் குடிக்காமல் கிளம்பினார். அத்தை, அன்றைக்கு உங்களோடு பேச்சை நிறுத்தியவர்கள்தான் இப்போது குடும்பத்தோடு வந்து வாசலில் செல்ஃபி எடுக்கிறார்கள். நீங்கள் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கிறீர்களே, அதற்கும் சேர்த்து நன்றி.

அடுத்து மேஸ்திரி ஐயாவுக்கு. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து சிறுவயதில் இங்கே வந்து, சுண்ணாம்பு வேலையிலேயே முடி நரைத்தவர். கடைக்குள் வந்தவர் யாரோடும் பேசாமல், சாவிக்கொத்தால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். இடுப்பளவு உயரம் வரை டொக்கு டொக்கென்று பொள்ளல் சத்தம். எப்போதோ யாரோ ஒட்டுவேலையாகப் பூசிய சிமென்ட் அது. "இது சுண்ணாம்புச் சுவர். தரையிலேர்ந்து ஏறற ஈரம் வெளிய போகணும். சிமென்டைப் பூசி வாயை அடைச்சா உள்ளயே நின்னு செங்கல்லைத் தின்னுடும். சிமென்ட்தான் வேணும்னா வேற ஆளைப் பாருங்க" என்றார். விரலால் நெம்பினார், பூச்சு பாளமாகக் கழன்று விழுந்தது. பின்னால் உப்புப் பூத்த செங்கல் கையில் மாவாக உதிர்ந்தது. அதற்கு மேல் வாதம் ஏது?

பின்கட்டில் தொட்டி கட்டிக் கல் சுண்ணாம்பை நீற்றினோம். தண்ணீர் பட்டதும் கொதித்துப் பொங்கியதைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ஊறின சுண்ணாம்போடு மணலும் செங்கல் பொடியும் சேர்த்து அரைத்து, கடுக்காயும் மண்டியா வெல்லமும் ஊறிய தண்ணீரை விட்டுக் குழைத்தார்கள். அந்த பீப்பாயின் புளித்த வாடைக்கு ரோந்து வந்த போலீஸ்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "என்னப்பா, சாராயமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கடுக்காய் முழுதும் தந்தவர் எங்கள் கீழ்க்கடை வாடகைக்காரர். அப்பா காலத்திலிருந்து அங்கே நாட்டு மருந்துக் கடை நடத்துகிறார். வேலை முடியும்வரை அவருக்கு எதிர்ச்சந்தில் ஓர் இடம் பார்த்தோம். கடை இடம் மாறினால் வியாபாரம் என்னாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். நஷ்டஈடாக ஒரு தொகை கொடுக்கப் போனபோது வாங்க மறுத்துவிட்டார். "பழைய வாடகையிலேயே என்னைத் திரும்ப உள்ள விட்டாப் போதும்" என்றார். விட்டுவிட்டோம், அண்ணே. கடுக்காய்க்கு இன்னும் பில் தரவில்லை நீங்கள்.

மாடித் தளம் மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளுக்கு மேல் சன்னச் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்த ஒட்டு. உளுத்த கட்டைகளை மட்டும் மாற்றி, அதன் மேல் சுண்ணாம்பு ஜல்லி போட்டார்கள். அதை மரக்கட்டையால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வரிசையாக உட்கார்ந்து, கடுக்காய்த் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டிய அக்காமார்களின் கையில்தான் இன்று அந்த மாடி ஒழுகாமல் இருக்கிறது. பேப்பரில் படம் வந்தால் மேஸ்திரி படம் வரும், எங்கள் படம் வரும். இவர்கள் படம் வராது. அதனால் இங்கே அழுத்திச் சொல்கிறேன்: இந்த மழைக்கு ஒரு சொட்டு இறங்கவில்லை, அக்கா.

அளவெடுத்து வரைபடம் போட்டுத் தந்த தங்கை மகளுக்கும், மாடிக்கு முட்டுக்கொடுக்கத் தன் மொட்டைமாடியை விட்டுக்கொடுத்த பக்கத்து மாவு மில் கௌடருக்கும், சிவாஜிநகர் குஜரியில், அதாவது பழைய சாமான் சந்தையில், பழைய பித்தளைக் கீல்களைத் தேடி எடுத்து வைத்த பாய்க்கும் நன்றி. கோயில் பூப்பல்லக்குத் திருவிழா சமயத்தில் சாரத்தின் ஒரு பக்கத்தை இறக்கி, மறுநாளே ஏற்றிக் கொடுத்த தெருப் பையன்களை விட்டால் சண்டைக்கு வருவார்கள். உங்களுக்குப் பிரியாணி பாக்கி, நினைவிருக்கிறது.

பின்கட்டுத் தாழ்வாரம் மட்டும் இன்னும் மிச்சம். அது மங்களூர் ஓடு. பாசல் மிஷன் என்ற கிறித்தவ மிஷன்காரர்கள் 1865இல் மங்களூரில் தொடங்கி வைத்த தொழில், பிறகு பல கம்பெனிகள் ஆளுக்கொரு அச்சில் போட்டன. அச்சு மாறினால் ஓடு ஒன்றோடொன்று சரியாகக் கவ்வாது. பிரேசர் டவுனில் வீட்டை இடிக்கவிருந்த ஒரு குடும்பம், லாரிக்காரருக்குத் தருவதற்கு முன்னால் எங்களைக் கூப்பிட்டு ஓடுகளைக் காசு வாங்காமல் கொடுத்தது. நன்றி, நிறைய நன்றி. ஆனாலும் பாதித் தாழ்வாரத்துக்குத்தான் ஆயிற்று. பெங்களூரில் யாராவது ஓட்டு வீடு பிரிக்கப் போகிறீர்கள் என்றால், லாரி ஏற்றுவதற்கு முன் நாட்டு மருந்துக் கடையில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மாதிரி ஓட்டை எடுத்துக்கொண்டு நாங்களே வந்து பொருத்திப் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
அல்சூர் பஜார் தெரு, மருந்துக்கடைக் கட்டடத்துக் குடும்பத்தார்