இன்னோசையும் இன்சொல்லும்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த வாழ்த்துரையும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் படியேறும்போது மட்டும் முரண்டு பிடிக்கிறது, மற்றபடி குறை இல்லை. பெரிய செய்தி, ஒருவழியாக இவருக்குக் காது மெஷின் வாங்கியாயிற்று. அதை அப்புறம் சொல்கிறேன், உன் பேத்தி பெயர் விஷயத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு.

முதலில் வாழ்த்துரை. ஓய்வு பெறும் தலைமையாசிரியையைப் பற்றி "எல்லோரிடமும் இன்னோசையுடன் பழகுவார்" என்று எழுதி, ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறாய். உன் சந்தேகம் சரிதான், அந்த இடத்தில் அது ஒட்டவில்லை. இன்னோசை என்பது காதோடு நின்றுவிடுகிற சொல். குரலுக்கு வரும், பாட்டுக்கு வரும், பெயருக்கு வரும், குணத்துக்கு வராது. "அவர் குரலில் ஓர் இன்னோசை உண்டு" என்று எழுதலாம். "செய்யுளின் இன்னோசை கெடாமல் சீர் பிரித்துப் படிப்பார்" என்று எழுதலாம், அவர் தமிழ் நடத்தியவர் என்பதால் அது பொருத்தமாகவும் இருக்கும். பழகுவதைப் பற்றிச் சொல்ல வந்தால் இன்சொல்தான். "யாரிடமும் இன்சொல்லே பேசுவார்" என்று மாற்றிவிடு. இன்னொன்று, இதை நீ மைக்கில் வாசிக்கப் போகிறாய். இன்னோசை என்பது தாளில் அழகாக இருக்கும், கடைசி வரிசையில் இருப்பவர்களுக்கு "என்னோசை" என்று விழுந்தாலும் விழும். "காதுக்கு இனிமையான குரல்" என்றால் யாருக்கும் சந்தேகம் வராது.

வள்ளுவர் இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறார். இனியவை கூறல் அதிகாரத்தின் முதல் குறளிலேயே இன்சொல் எது என்று சொல்லிவிடுகிறார்: அன்பு கலந்திருக்க வேண்டும், வஞ்சனை இருக்கக் கூடாது, உண்மை அறிந்தவர் வாயிலிருந்து வர வேண்டும். குரல் எப்படி இருக்க வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. என்னைப்போல் கட்டைக் குரல் உள்ளவர்களுக்குப் பெரிய நிம்மதி! குழலையும் யாழையும் அவர் கொண்டுவருவது மழலைக்கு. மழலையில் பொருளைத் தேடி என்ன செய்ய, அது ஓசைதானே.

சரி, பெயருக்கு வருகிறேன். பட்டியலில் யாழினி, இளவெயினி, நன்முல்லை, கயல்விழி என்று நான்கு. மருமகளுக்குக் கயல்விழியில் மட்டும் தயக்கம், காரணம் முதலில் நிற்கிற "க". வல்லினம் வந்தால் பெயர் முரடாகிவிடும் என்கிறாள் என்று எழுதியிருந்தாய். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மெல்லினமும் இடையினமும் இருந்தால் இனிமை, வல்லினம் இருந்தால் கடுமை என்பது பரீட்சைக்கு எழுத வசதியான விடை, அவ்வளவுதான். "நீயெல்லாம் ஒரு ஆளா" என்பதை எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பார். வல்லினம் ஒன்றுகூட இல்லை. கேட்டவனுக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. "சாப்பிட்டியா" என்பதில் சா, ப், பி, ட், டி என்று வரிசையாக வல்லினம். அதைவிட இதமாக நம் வீடுகளில் யாரும் எதையும் கேட்டதில்லை. தொல்காப்பியர் பாட்டின் ஓசை வகைகளாக 20 வண்ணங்களைச் சொல்லும்போது மெல்லிசை வண்ணத்துக்குப் பக்கத்திலேயே வல்லிசை வண்ணத்தையும் வைத்தார். இரண்டும் அவருக்கு ஓசை அழகுதான். நன்னூலும் ஒரு நூலுக்குரிய பத்து அழகில் ஒன்றாக "ஓசையுடைமை" என்கிறது, மென்மை என்று சொல்லவில்லை.

அதோடு நம் வல்லினம் அப்படியொன்றும் முரட்டு ஆசாமி இல்லை. "கடல்" என்று சொல்லும்போது முதலில் நிற்கிற க கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது. அதே க "அகல்" என்பதில் இரண்டு உயிருக்கு நடுவே வந்ததும் தானாகவே தளர்ந்துவிடுகிறது. "தங்கம்" என்பதில் மெல்லினத்துக்குப் பின்னால் வந்ததும் வேறு ஒலியாகவே ஆகிவிடுகிறது. எழுத்து ஒன்று, சத்தம் மூன்று.

இப்போது காது மெஷின் கதை. பரிசோதனை செய்த பெண் விளக்கினாள்: வயதானால் எல்லாச் சத்தமும் ஒரே அளவாகக் குறையாதாம், கீச்சென்று மேலே போகிற ஒலிகள்தான் முதலில் போகுமாம். உயிரொலிகள் தங்கிவிடும், ச, த, க போன்ற மெய்யொலிகள் நழுவிவிடும். அதனால்தான் இவர் இத்தனை நாளாக "கேட்கிறது, ஆனால் என்ன சொல்கிறாய் என்று புரியவில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் அது கல்யாணம் ஆன எல்லா ஆண்களுக்கும் உள்ள வியாதி என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் மாலினி, சாலினி என்று இரண்டு பேர் இருக்கிறார்கள். எதைச் சொன்னாலும் இவர் காதில் ஆ, இ, இ என்றுதான் விழும், தவறான ஆளைத்தான் கூப்பிடுவார். மெஷின் மாட்டிய முதல் நாள், "நீ ச சொல்லும்போதெல்லாம் ஏன் சீறுகிறாய்?" என்று என்னிடம் சண்டை. பேப்பர் புரட்டுகிற சத்தமே அவருக்கு இடியாக இருக்கிறது. போகப் போகப் பழகிவிடும் என்றாள் அந்தப் பெண்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் வீட்டிலும் ஏற்கெனவே ஒரு மாலினி உண்டு. யாழினி வந்தால் உன் வீட்டுக்காரருக்கு இன்னும் சில வருஷத்தில் இதே பாடுதான். தவிர, அந்த ழ எத்தனை வாயில் பிழைக்கும்? பாதிப் பேர் யாளினி என்பார்கள். கயல்விழியிலும் ழ உண்டு என்று நீ சொல்வாய். உண்டுதான், ஆனால் "கயல்" என்று பாதியிலேயே நிறுத்திக்கொள்ளலாமே.

அப்புறம், நீங்கள் பெயரைத் தாளில் எழுதி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பெயர் பெரும்பாலும் கூப்பிடுவதற்குத்தான். தமிழில் கூப்பிடும்போது பெயர் உருவமே மாறுகிறது. தொல்காப்பியத்தில் இதற்கென்றே விளிமரபு என்று ஓர் இயல் இருக்கிறது. தோழி, தோழீ ஆகிறாள், சோழன், சோழா ஆகிறான், அன்னை, அன்னாய் ஆகிறாள். எட்டிக் கூப்பிட நெட்டுயிர் வேண்டும், அதை இலக்கணக்காரர் கவனித்து எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கணக்கில் நன்முல்லை கொஞ்சம் தடுமாறும். முல்லாய் என்று இன்றைக்கு யார் கூப்பிடுவார்கள்? அள்ளூர் நன்முல்லையார் என்று சங்கப் புலவர் பெயராகப் புத்தகத்தில் படிக்கும்போது சொக்க வைக்கிற பெயர்தான், இல்லை என்று சொல்லவில்லை. அந்தக் காலத்துப் பெயர்களில் எனக்குப் பிடித்தவை எல்லாம் அப்படித்தான். பெயர் தெரியாத புலவர்களுக்கு அவரவர் பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்துச் சூட்டியிருக்கிறார்கள்: செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார். வாய்விட்டுச் சொல்லிப் பார், எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் "அணிலாடு முன்றிலாரே, பால் பொங்குகிறது, ஓடி வாரும்" என்று யாரும் கூப்பிட்டிருக்க முடியாது.

இளவெயினி நல்ல பெயர். புறநானூற்றில் ஒரு பாட்டுப் பாடியவள் பெயர், அந்தப் பெருமை வேறு. வீட்டில் "இளா" என்று சுருங்கிவிடும், அதுவும் நன்றாகத்தான் இருக்கும். இருந்தாலும் என் ஓட்டு கயல்விழிக்கு. தலையில் ஒரே ஒரு வல்லினம், கூப்பிட்டவுடன் காதைத் திருப்பும். அதற்குப் பிறகு ய, ல், வி, ழி என்று முழுக்க இடையினம், எங்கும் தட்டாமல் ஓடும். மருமகளிடம் இப்படி எழுத்தைப் பிரித்துக் காட்டு. கேட்டால் கேட்கட்டும், கேட்காவிட்டால் விட்டுவிடு. பெற்றவள் அவள், நாம் இதில் தலையிட்டு மனக்கசப்பு வேண்டாம்.

வாழ்த்துரையில் மூன்றாவது பத்தியைப் பாதியாகக் குறை, விருது வாங்கிய கதையெல்லாம் அங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். உன் கண் ஆப்பரேஷன் தேதி எப்போது என்று எழுத மறந்துவிட்டாய். பேரப்பிள்ளைகளைக் கவனிக்க ஆள் வேண்டுமென்றால் சொல், ஒரு வாரம் வந்து இருக்கிறேன். இவரும் வருவார், மெஷினோடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி