அண்ணி, அது மனை இல்லை, மணை

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று ராத்திரி உங்கள் வாட்ஸ்அப் வந்தபோது பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தேன். "அருவா மனை வேணுமா, இல்ல போட்டுடவா?" கூட்ட நெரிசலில் என் கண்ணில் பட்டது "மனை", "போட்டுடவா" இரண்டும்தான். கொல்லைப்புறத்து மனையை அண்ணன் யாருக்கோ விலை பேசிவிட்டார் என்று பக்கென்றது. இறங்கி, விளக்குக் கம்பத்தடியில் நின்று போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் மூச்சே வந்தது. அம்மாவின் அரிவாள்மணை! துருவி முனையில் பழைய துணி சுற்றி, பரண் தூசியோடு.

நீங்கள் எழுதியதைக் குற்றம் சொல்லவில்லை. பாதிப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். மூன்று சுழி 'ண' போட வேண்டிய இடத்தில் ஒரு சுழி குறைந்து, அடுப்படிச் சாமான் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போய்விடுகிறது. மணை என்றால் உட்காரும் பலகை. கல்யாணத்தன்று உங்களையும் அண்ணனையும் மணையில்தானே உட்கார வைத்தார்கள்? அதே மணைதான் இது. நடுவில் ஒரு அரிவாள் முளைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த அரிவாளும் சமையலறைக்காகப் பிறந்த சொல் இல்லை. அரி என்றால் அறு. கதிர் அரியும் வாள் அரிவாள். நம் பக்கத்து வயலில் அறுத்துக் கிடத்திய கைப்பிடிக் கதிருக்கே 'அரி' என்றுதானே பெயர், "அரி அரியா போட்டுட்டு வா" என்பார்களே? சங்கப் பாட்டிலும் நெல் அறுக்கிறவர்கள் 'அரிநர்'. வயலில் வளைந்து வளைந்து போன அதை யாரோ ஒரு புண்ணியவதி (புண்ணியவானாக இருக்காது என்பது என் ஊகம்) பலகையில் நட்டு நிறுத்தி, "நீ இங்கேயே நில், காய் உன்னிடம் வரும்" என்று சொல்லியிருக்கிறாள். பேச்சில் அரிவாள் 'அருவா' ஆனது. மணை மட்டும் காதுக்கு அப்படியே இருக்கிறது, எழுத்தில்தான் தொலைகிறது.

பக்கத்து வீட்டுக்காரர்களும் உட்காருவதை விடவில்லை. கன்னடத்தில் இதற்கு 'ஈளிகெ மணெ'. அந்த மணெயும் நம் மணையும் ஒன்றுதான். தெலுங்கில் 'கத்தி பீட'. பீட என்பதும் பலகைதான்.

சரி, பெயர் கிடக்கட்டும். இந்தச் சாமானிடம் எனக்கு ஏன் இவ்வளவு பிரியம் என்று கேட்பீர்கள். கத்தியில் வெட்டும்போது ஒரு கை கத்திக்குப் போய்விடுகிறது. இதில் இரண்டு கையும் காய்க்குத்தான். அம்மா வாழைத்தண்டு அரிந்ததை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். வலது காலை மடக்கிப் பலகையை அழுத்திக்கொண்டு, தண்டை அலகில் கொடுத்து ஒரு வில்லை. வில்லை விடுபட்டு வரும்போது நடுவில் நார் இழை இழையாக நீளும். ஆட்காட்டி விரலை ஒரு சுற்று சுற்றுவாள், நார் விரலில் ஏறிவிடும். அடுத்த வில்லை, அடுத்த சுற்று. வில்லைகள் கீழே மோர் கலந்த தண்ணீரில் விழும், கறுக்காமல் இருக்க. கால் மணி நேரத்தில் விரலில் வெள்ளை மோதிரம் போல ஒரு கண்டு நார் சேர்ந்திருக்கும். அதை உருவி எங்களிடம் கொடுப்பாள், விளையாட. இங்கே சென்னையில் சமையல் மேடை முன்னால் நின்று கத்தியும் பலகையுமாக ஒருநாள் முயன்று பார்த்தேன். நார் தனி, தண்டு தனி, நான் தனி.

அதற்கும் குணக்கேடு உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். இரும்பு என்பதால் ஈரம் பட்டால் துரு. வாழைக்காயின் துவர்ப்பு பட்டால் அலகும் கறுக்கும், கையும் கறுக்கும். கழுவின உடனே துடைத்து, தேங்காயெண்ணெய் ஒரு விரல் தடவிச் சாய்த்து வைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வோம். என் இடது முழங்காலில் இருக்கிற தழும்பு அப்படி ஒருவர் நிமிர்த்தி வைத்ததால் வந்தது. அந்த ஒருவர் உங்கள் வீட்டுக்காரர்.

முட்டி வலி என்று நீங்கள் சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாதவர்களுக்கு மேடைதான் சரி. இன்னொன்றும் இப்போதுதான் உறைக்கிறது. நம் வீட்டில் இரண்டு மணை இருந்தது. ஒன்று கூடத்தில், அப்பா சாப்பிட உட்கார. மற்றது அடுப்படியில், அரிவாளோடு. அப்பா அந்த இரண்டாவது மணைப் பக்கம் போய் நான் பார்த்ததே இல்லை. கல்யாண வீட்டுச் சமையல்காரர்கள் எல்லாம் ஆண்கள்தான், பெரிய பெரிய அரிவாள்மணையில் பூசணிக்காயைப் பிளந்து தள்ளுவார்கள்; அதை நின்று ரசிப்பார் அப்பா. இங்கே காசிமேட்டு மீன் சந்தையில் மீன் வெட்டும் அம்மாக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் அடுப்படி ஞாபகம் வருகிறது. வஞ்சிரத்தை அலகில் வைத்து ஒரே அழுத்து. கண் வாடிக்கையாளர் மேல் இருக்கும்.

அதனால் போட்டுவிடாதீர்கள். இரும்புக் கடைக்காரர் பலகையைக் கழற்றி வீசிவிட்டு அலகை மட்டும்தான் எடை போடுவார்.

அண்ணன் அடுத்த வாரம் சென்னை வருகிறாராமே, அவரிடம் கொடுத்துவிடுங்கள். அலகுக்கு நாலு சுற்று நியூஸ் பேப்பர், மேலே சாக்கு, துருவிப் பல்லில் ஒரு உருளைக்கிழங்கைக் குத்திவிடுங்கள், பஸ்ஸில் யார் காலையும் கிழிக்காது. வந்ததும் சாணை பிடித்துக்கொள்கிறேன். கூடவே கொல்லையிலிருந்து ஒரு வாழைத்தண்டும் வைத்தால் உத்தமம்.

அப்புறம், அந்த உருளைக்கிழங்கை அண்ணன் வழியில் எறிந்துவிடப் போகிறார், சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் கொழுந்தன்