பிரிட்டிஷ் குடியுரிமையை நம்பி நிச்சயிக்கப்படும் திருமணங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமை மணமக்கள் பகுதியில், மணமகன் பிரிட்டிஷ் குடிமகன் என்றும், திருமணமாகி மூன்று ஆண்டுகளில் மணமகளுக்கும் குடியுரிமை கிடைக்கும் என்றும் பொருள்படும் விளம்பரங்கள் அண்மைக்காலமாக அடிக்கடி வெளிவருகின்றன. காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரங்களில் இந்த ஒரு வரியை நம்பியே பெண் கொடுக்க முன்வரும் பெற்றோர் பலரை நான் அறிவேன். அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற நான், கணவருடன் சென்று சேரவிருக்கும் பெண்களுக்கு விசாவுக்குத் தேவையான ஆங்கிலத் தேர்வுப் பயிற்சி அளித்து வருகிறேன். அந்த விளம்பர வாசகம் உண்மையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைத் தங்கள் வாசகர்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

பிரிட்டனின் குடிமகனை மணந்த பெண் பதிவு செய்துகொண்டாலே குடியுரிமை பெறலாம் என்ற நிலை ஒரு காலத்தில் இருந்தது உண்மைதான். 1981ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் 1983 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது அந்த வழி மூடப்பட்டது. அச்சட்டத்தின் 6ஆம் பிரிவு, பிரிட்டிஷ் குடிமக்களின் கணவன் அல்லது மனைவி மூன்று ஆண்டுகள் அங்கே வசித்திருந்தால் விண்ணப்பிக்கலாம் என்று கூறுகிறது. இந்த மூன்று ஆண்டுகள் திருமண நாளிலிருந்து எண்ணப்படுபவை அல்ல. அந்த மண்ணில் வசித்த காலமே கணக்கில் கொள்ளப்படும். அதைவிட முக்கியமாக, விண்ணப்பிக்கும் நாளில் அவரது தங்கும் அனுமதிக்குக் காலவரம்பு எதுவும் இருக்கக் கூடாது. இங்கிருந்து மனைவி விசாவில் செல்லும் பெண்ணுக்கு முதலில் 33 மாதங்களும், பின்னர் நீட்டிப்பாக 30 மாதங்களும் அனுமதி கிடைக்கிறது. ஐந்து ஆண்டுகள் நிறைந்த பிறகே ஐ.எல்.ஆர். எனப்படும் காலவரம்பற்ற தங்குரிமைக்கு அவர் விண்ணப்பிக்க முடியும். ஆகவே நம் ஊரிலிருந்து செல்லும் மணப்பெண்ணுக்கு நடைமுறையில் ஐந்து ஆண்டுகளுக்குக் குறைந்து குடியுரிமை என்ற பேச்சுக்கே இடமில்லை. குடிமகனின் மனைவி என்பதால் கிடைக்கும் சலுகை, மற்றவர்களைப் போல ஐ.எல்.ஆர். பெற்ற பின் மேலும் ஓராண்டு காத்திருக்கத் தேவையில்லை என்பது. 2025 மே மாதம் பிரிட்டன் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, பிறர் ஐ.எல்.ஆர். பெறக் காத்திருக்கும் காலத்தைப் பத்து ஆண்டுகளாக உயர்த்த முன்மொழிந்தபோதும், பிரிட்டிஷ் குடிமக்களின் துணைவர்களுக்கு ஐந்து ஆண்டுகளே தொடரும் என்றது.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மனைவியை அழைத்துக்கொள்ளும் கணவரின் ஆண்டு வருமானம் முன்பு 18,600 பவுண்டு இருந்தால் போதுமாக இருந்தது. 2024 ஏப்ரல் 11 முதல் அது 29,000 பவுண்டாக உயர்த்தப்பட்டது. பெண் வேலூரில் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் முதல் விண்ணப்பத்தில் அது கணக்கில் வராது. விசாக் கட்டணம் தவிர, மருத்துவச் சேவைக்கான கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்டு வீதம் முன்கூட்டியே செலுத்தப்பட வேண்டும். இறுதியில் குடியுரிமை விண்ணப்பத்துக்கு மட்டுமே 1,600 பவுண்டுக்கு மேல் ஆகும். எத்தனை சவரன் போடுவது என்று இரவெல்லாம் பேசும் குடும்பங்கள், மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டைப் பார்க்கக் கேட்பதற்குக் கூசுகின்றன. கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. அந்தச் சீட்டு இல்லாமல் விசாவே கிடைக்காது.

நம் ஊர்ப் பெண்கள் பலர் சிக்கிக்கொள்ளும் இடம் வேறொன்று. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ சீமந்தம் முடிந்து பெண் வேலூருக்கு வந்தால், குழந்தை பிறந்து சில மாதங்கள் கழித்தே திரும்புவாள். அந்தப் பரிவை நான் குறை சொல்லவில்லை. நானும் என் தாய்வீட்டில் பெற்றவள்தான். ஆனால் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர் முந்தைய மூன்று ஆண்டுகளில் மொத்தம் 270 நாட்களுக்கு மேலும், கடைசி 12 மாதங்களில் 90 நாட்களுக்கு மேலும் அந்நாட்டுக்கு வெளியே இருந்திருக்கக் கூடாது என்பது விதி. புறப்படும் நாளும் திரும்பும் நாளும் இந்தக் கணக்கில் சேர்வதில்லை என்றாலும், ஒரு பிரசவமும் தங்கை திருமணமும் சேர்ந்தாலே வரம்பு தாண்டிவிடும். வரம்பைச் சிறிதளவு மீறுவதைப் பொறுத்துக்கொள்ளும் அதிகாரம் அங்குள்ள அதிகாரிகளுக்கு உண்டு. அதை நம்பிப் பயணத்தைத் திட்டமிடுவது சரியல்ல. இவற்றோடு, விண்ணப்பம் போய்ச் சேரும் நாளுக்குச் சரியாக மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய தேதியில் அவர் பிரிட்டனில் இருந்திருக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அன்றைய தினம் வேலூரில் பொங்கலுக்கு வந்திருந்தால், விண்ணப்பத் தேதியைச் சற்றுத் தள்ளிவைப்பதே வழி. ஆகவே ஒவ்வொரு பயணத்தின் தேதியையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள் என்று என்னிடம் பயிலும் பெண்களிடம் முதல் வகுப்பிலேயே சொல்கிறேன்.

குழந்தையைப் பொறுத்தும் ஒன்று கவனிக்கத்தக்கது. தந்தை பிரிட்டனிலேயே பிறந்தவராகவோ அங்கே விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்றவராகவோ இருந்தால், வேலூரில் பிறக்கும் குழந்தையும் பிறப்பிலேயே பிரிட்டிஷ் குடிமகவு ஆகும். தந்தையே வெளிநாட்டில் பிறந்து பெற்றோர் வழியாகக் குடியுரிமை அடைந்தவர் என்றால், இங்கே பிறக்கும் குழந்தைக்கு அது பொதுவாகத் தானாகக் கிடைப்பதில்லை. மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வருவதற்கு முன் மாப்பிள்ளையிடம் இதைக் கேட்டுத் தெளிவது நல்லது.

ஆங்கிலமும் பெண்ணின் சொந்தப் பொறுப்புத்தான். விசாவுக்கு ஏ1 நிலை, நீட்டிப்புக்கு ஏ2, ஐ.எல்.ஆருக்கும் குடியுரிமைக்கும் பி1 என்று படிப்படியாகத் தேர்வு உயர்கிறது. பிரிட்டன் வாழ்க்கை குறித்த தேர்வில் 45 நிமிடங்களில் 24 கேள்விகள். 18க்குச் சரியாக விடையளிக்க வேண்டும். கவனமாகப் படிக்கும் நம் பெண்களுக்கு இது கடினமே அல்ல.

என்னை உறங்கவிடாத கவலை ஒன்று உண்டு. சில வீடுகளில் பெண்ணின் பாஸ்போர்ட்டும் விசா ஆவணங்களும் சான்றிதழ்களும் சென்ற நாளிலேயே கணவர் வீட்டாரின் அலமாரிக்குள் போய்விடுகின்றன. அதன் பிறகு எந்தச் சச்சரவிலும், "உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவேன்" என்ற ஒரே மிரட்டல் போதுமானதாகிவிடுகிறது. குடும்ப வன்முறையால் மணவாழ்க்கை முறிந்த மனைவி, ஐந்து ஆண்டுகள் நிறைவதற்கு முன்பே தாமாகவே நிரந்தரத் தங்குரிமைக்கு விண்ணப்பிக்கப் பிரிட்டன் சட்டம் இடமளிக்கிறது. கணவரை இழந்த பெண்ணுக்கும் அத்தகைய வழி உண்டு. இதைத் தெரியாததால் அடியையும் ஏச்சையும் பொறுத்துக்கொண்டு ஆண்டுகளை எண்ணிக்கொண்டிருந்த பெண்ணை நான் அறிவேன். விமான நிலையத்தில் கண்ணீர் விடும் தாய்மார்கள், மகளின் ஆவணங்கள் அனைத்தின் நகலையும் தங்களிடம் வைத்துக்கொண்டு அனுப்ப வேண்டும்.

இனி, இங்கே இழப்பது என்ன என்பதையும் எண்ண வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, அங்கே உறுதிமொழி எடுத்துக் குடியுரிமை பெற்ற கணமே இந்தியக் குடியுரிமை முடிவுக்கு வருகிறது. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று பெற்ற பிறகே, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்க முடியும். அந்த இடைவெளியில் ஊரில் ஒரு சாவு என்றாலும், பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் இந்திய விசாவும் பெற்றே வர வேண்டும். ஓ.சி.ஐ. அட்டை வாழ்நாள் முழுவதும் வந்துபோக உதவும். வாக்குரிமையும் அரசு வேலையும் அதில் இல்லை. அணைக்கட்டிலோ கே.வி.குப்பத்திலோ தகப்பனாருக்கு நஞ்சை இருந்தால், அந்த மகள் விவசாய நிலத்தை விலைக்கு வாங்கவோ தானமாகப் பெறவோ முடியாது. வாரிசுரிமையாக வருவதைப் பெற்றுக்கொள்ளலாம். மகளுக்குப் பங்கு தர எண்ணும் தகப்பனார்கள் தானப் பத்திரம் எழுதுவதற்கு முன் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள வேண்டும். இதனாலேயே, ஐ.எல்.ஆரோடு நின்று இந்தியக் குடிமக்களாகவே இருக்க விரும்புவோரும் உண்டு. அவர்கள் தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிரிட்டனுக்கு வெளியே இருந்தால் அந்த உரிமை காலாவதியாகும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மனைவி என்றே எழுதி வந்தாலும் சட்டம் இருபாலருக்கும் பொதுவானது. வேலூரில் பயின்று பிரிட்டன் மருத்துவமனைகளில் பணிபுரியும் செவிலியர் பலர் ஐ.எல்.ஆர். பெற்று ஓராண்டு கழித்துக் குடியுரிமை அடைகிறார்கள். அவர்களுடன் வாழும் கணவர் தாமும் ஐ.எல்.ஆர். பெற்று மூன்றாண்டு வசிப்பும் நிறைவு செய்திருந்தால், மனைவி குடிமகளான பிறகு ஓராண்டுக் காத்திருப்பின்றி விண்ணப்பிக்கலாம்.

தங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள். குடியுரிமை வாக்களிக்கும் வரிகள் உள்ள மணமக்கள் விளம்பரங்களை அப்படியே வெளியிட வேண்டாம். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் பதிப்புகளில் மாதம் ஒருமுறையேனும், விவரம் அறிந்த வழக்கறிஞர் ஒருவர் வாசகர்களின் விசா, குடியுரிமைக் கேள்விகளுக்குத் தமிழில் விடையளிக்கும் பகுதியைத் தொடங்குங்கள். 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பதைக்கூட விசாவுக்கு ஆவணம் கேட்கும்போதுதான் பல குடும்பங்கள் அறிகின்றன. அதையே முதல் பகுதியில் எழுதித் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
சத்துவாச்சாரி, வேலூர்.