இரண்டு சம்பளத்தையும் சேர்த்தால்

அன்புள்ள தங்கைக்கு,

நேற்று இரவு பெரிய வீடு கடனில் வாங்குவதைப் பற்றி நீ பேசியதில் ஒரு வாக்கியம் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. "எங்க ரெண்டு பேர் சம்பளத்தையும் சேர்த்தா தவணை கட்டிடலாம் அக்கா." அந்தச் 'சேர்த்தா'வை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போதைய வீடு போதவில்லை என்பது எனக்குத் தெரியும். மாப்பிள்ளை அலுவலகத்தோடு பேசி முடிக்கும்வரை நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறாய். குழந்தை தூங்கிவிட்டால் இருட்டில் துணி மடிக்கிறாய். இதை ஆடம்பர ஆசை என்று யாராவது சொன்னால் உனக்கு முன்னால் எனக்குத்தான் கோபம் வரும். நீங்கள் வீடு மாற வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். எப்போது, எவ்வளவு பெரிய வீடு என்பதில்தான் என் கவலை.

வங்கி இவ்வளவு கடன் தரும் என்று சொன்னதை நீ அப்படியே உங்கள் அளவாக எடுத்துக்கொண்டாய். வங்கி சம்பளத்தையும் பழைய கடன்களையும் பார்க்கும். அம்மாவின் மருந்துச் செலவில் நீ கொடுக்கும் பங்கு அந்தக் கணக்கில் வராது.

கடன் எப்படிக் கரைகிறது என்பதையும் பார். 100 பங்கு கடனை 8 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு வாங்கினால், கட்டி முடிக்கும்போது ஏறத்தாழ 200 பங்கு கட்டியிருப்பாய். முதல் மாதத் தவணையில் 80 சதவீதம் வட்டிக்கே போய்விடும். 5 ஆண்டு ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டிய பிறகும் அசலில் 87 பங்குக்கு மேல் பாக்கி நிற்கும். அதனால்தான் "முடியலைன்னா ரெண்டு வருஷத்துல வித்துடலாம்" என்று நீ சொன்னபோது நான் பதில் பேசவில்லை. பதிவுச் செலவும் தரகும் கழித்துப் பார்த்தால், விலை ஏறாத பட்சத்தில் கைக்காசு போட்டுத்தான் வெளியே வர வேண்டியிருக்கும். வட்டி மாறக்கூடிய கடன் என்றால் இன்னொன்று. அதே கடனுக்குத் தொடக்கத்திலேயே வட்டி 9 ஆகி, தவணையை மட்டும் ஏற்றாமல் விட்டால், 20 ஆண்டு 25 ஆண்டைத் தாண்டிவிடும்.

எங்கள் கதையை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. நாங்கள் பெரிய வீட்டுக்குப் போன எட்டாவது மாதம் என் வேலை போனது. தவணை போட்டது இரண்டு சம்பளத்தை நம்பி, வந்தது ஒன்று. ஓய்வுக்காலத்துக்கென்று வைத்திருந்த சேமிப்பை உடைத்துத்தான் ஒன்பது மாதம் கட்டினோம். அதைவிட, அந்த நாட்களில் நானும் அவரும் பேசிய பேச்சுகள் இன்னும் வலிக்கின்றன. ஒரு கடையில் வாங்கிய சின்னப் பொருளுக்கெல்லாம் சண்டை. ஆசைப்பட்டு வாங்கிய மூன்று அறைகளில் ஆளுக்கொரு அறையில் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். புது வீட்டுக்குப் போகும் முன் ஆறு மாதம் அந்த வீட்டின் செலவோடு வாழ்ந்து பாருங்கள். புதுத் தவணை, பராமரிப்புக் கட்டணம், வீட்டு வரி, காப்பீடு, கூடும் மின்கட்டணம், தூரம் அதிகமென்றால் போக்குவரத்து, எல்லாவற்றையும் கூட்டு. இப்போது கொடுக்கும் வாடகையைக் கழி. மிச்சம் எவ்வளவோ அதைச் சம்பளம் வந்த அன்றே வேறு கணக்கில் போட்டுவிடு, தொடாதே. முதல் மாதம் உற்சாகத்தில் ஓடிவிடும். மூன்றாவது, நான்காவது மாதத்தில்தான் உண்மை தெரியும். அதில் கை வைக்க நேர்ந்தால், எந்தச் செலவுக்கு என்று எழுதி வை. ஆறு மாதமும் தாங்கினால் அந்தப் பணம் முன்பணத்தோடு சேரும். தாங்காவிட்டால் கடனில் மாட்டாமலே தெரிந்துகொண்டீர்கள், அவ்வளவுதான்.

அப்புறம், இரண்டாவது குழந்தை பற்றி நீ சொன்னாயே, அதை மாப்பிள்ளையோடு உட்கார்ந்து இப்போதே பேசு. நீ ஒரு வருடம் சம்பளமில்லாமல் இருந்தால் தவணையை அவர் சம்பளம் மட்டும் தாங்குமா? தாங்காது என்றால் ஓர் அறை குறைவான வீட்டைப் பாருங்கள், அல்லது முன்பணத்தைக் கூட்டும்வரை பொறுங்கள். பதிவு, சாமான் மாற்றுவது எல்லாம் முடிந்த பிறகும் ஆறு மாதச் செலவுக்கான பணம் கையில் நிற்க வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

விற்பவர் அவசரப்படுத்துகிறார் என்றாய். அவர் அவசரம் அவருக்கு.

அடுத்த வாரம் உனக்குச் சம்பளம் வந்துவிடும் இல்லையா? அன்றைக்கே முதல் மாதத்தைத் தொடங்கு. அதற்குள் கூட்டிக் கழித்த தாளைப் படம் எடுத்து அனுப்பு. பள்ளிக்கட்டணத்தை நீ எப்போதும் விட்டுவிடுவாய், நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா