தேய்ந்த ஷூ

மந்தைவெளி,
சென்னை-28

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. முட்டிவலி மாமூல்தான். லஸ்ஸில் மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டதில் கபாலி கோயிலுக்குப் போய் வருவதே பெரும்பாடு. அதை விடு.

போன வாரம் பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக, ஷூவைக்கூடக் கழற்றாமல், "பாட்டி, தண்ணி பாட்டில் தொலைஞ்சு போச்சு" என்றாள். இந்த மாதத்தில் மூன்றாவது. எனக்கு வசவு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மருமகளோ கத்தவில்லை. "கடைசியா எங்க வச்சே?" என்று கேட்டாள். "புதுசு கிடையாது, இந்த வாரம் பழைய எவர்சில்வர் பாட்டில்தான்" என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள். குழந்தை கொஞ்ச நேரம் அழுதது. எவர்சில்வர் எவர்சில்வராகவே இருந்தது.

ராத்திரி சாப்பிடும்போது இதைச் சொன்னதும் என் பிள்ளை சிரித்தான். "ஏழாவது படிக்கறப்ப நான் பஸ் பாஸைத் தொலைச்சேன், தெரியுமாம்மா?" தெரியாது. ஒரு மாதம் லஸ், ராயப்பேட்டை வழியாகத் திருவல்லிக்கேணிக்கு நடந்தே பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறான். அந்த வருஷம் ஷூ அடியில் ஓட்டை விழுந்ததற்கு அவனை நான் விளாசியது நன்றாக ஞாபகமிருக்கிறது. "ஏன்டா சொல்லலை?" என்றேன். "சொல்லியிருந்தா என்ன நடந்திருக்கும்னு உனக்கே தெரியுமே" என்று ரசத்துக்குக் கை நீட்டினான்.

"எம்பிள்ளை எங்கிட்ட எதையும் மறைக்க மாட்டான்" என்று உன்னிடமே எத்தனை தரம் பீற்றியிருக்கிறேன்! என் கண்டிப்பில் அவன் பொறுப்பைக் கற்றானோ என்னவோ, மறைக்கக் கற்றிருக்கிறான்.

மருமகள் ஒரு பாடமே எடுத்தாள். அமெரிக்காவில், பெர்க்லியில் டயானா பாம்ரிண்ட் என்ற மனோதத்துவ நிபுணர் 1960களில் சின்னக் குழந்தைகளையும் அவர்கள் பெற்றோரையும் கவனித்து, வளர்ப்பை மூன்று தினுசாகப் பிரித்தாராம். அதட்டி அடக்குவது ஒன்று, இஷ்டத்துக்கு விடுவது ஒன்று, காரணத்தைச் சொல்லிவிட்டுச் சொன்ன சொல்லில் நிற்பது ஒன்று. மூன்றாவதுதான் உசத்தியாம். நான் முதல் தினுசு, உங்கம்மா இரண்டாவது. ஆனால் மார்க்கே கேட்காத அந்த அம்மாவிடம்தானே நீ தானாகப் படித்து பேங்க் பரீட்சை தேறினாய், உன் தம்பி ஒன்பதாவதோடு நின்றான்?

"அமெரிக்கக் கணக்கு நமக்கெதுக்கு" என்றேன். அதையும் கேட்டிருக்கிறார்களாம். சீனக் குடும்பங்களில் கண்டிப்பு என்பது அக்கறையும் பயிற்சியும் சேர்ந்தது, அதை வெறும் அடக்குமுறை என்று தள்ள முடியாது என்று ரூத் சாவ் என்ற ஆராய்ச்சியாளர் 1994இல் எழுதியிருக்கிறாராம். கேட்டதும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அக்கறை இருந்தது எனக்குத் தெரியும், வசந்தா. பன்னிரண்டு வயசுப் பையனுக்குத் தெரிந்ததா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரிடமும் சொல்லாமல் அந்த வழியாக நடந்து பார்த்தேன். ராயப்பேட்டை மணிக்கூண்டு வரைக்கும்தான் முடிந்தது. ஆட்டோ பிடித்துத் திரும்பிவிட்டேன். எங்கே போனாய் என்று பிள்ளை கேட்டதற்கு, கோயிலுக்கு என்று சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
சரோஜா