ஐஸ் ஹொக்கி பார்ப்பவர்களுக்கு: பெனல்டி பொக்ஸ் கணக்கு

வணக்கம். ஹட்டன், நானுஓயா பக்கம் விடியக்காலையில் எழும்பி என்.எச்.எல். (வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்) மேட்ச் பார்க்கிறவர்கள் "தண்டனை முடியுமுன்னே ஆள் எப்படி வெளியே வந்தான்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் இது.

காலை வாருதல், மட்டையால் கொக்கிபோட்டு இழுத்தல் போன்ற சின்னக் குற்றத்துக்கு பெனல்டி பொக்ஸில், அதாவது தவறு செய்தவர் உட்காரும் கூண்டில், 2 நிமிடம். அதுவரை அணிக்கு ஓராள் குறைவு. எதிரணி கோல் போட்டால் உடனே வெளியே வரலாம். பெரிய குற்றத்துக்கு 5 நிமிடம். எத்தனை கோல் விழுந்தாலும் முழுசாக உட்கார வேண்டியதுதான்.

பலர் குழம்புவது 2+2இல், அதாவது அடுத்தடுத்து வரும் இரண்டு 2 நிமிடத் தண்டனையில். உயர்த்திய மட்டை பட்டு ரத்தம் வந்தால் இதுதான் கிடைக்கும். முதல் 2 நிமிடத்தில் கோல் விழுந்தால் அந்த 2 நிமிடத்தின் மிச்சம் மட்டும் ரத்து. அடுத்த 2 நிமிடம் அங்கிருந்தே ஓடத் தொடங்கும்.

10 நிமிட ஒழுங்கீனத் தண்டனையில் மாற்று வீரர் இறங்கலாம், ஆள் குறையாது. கோல்காப்பாளரின் சின்னக் குற்றத்துக்கு உள்ளே போய் உட்காருவது வேறொருவர், பாவம்.

நடுவர் கை தூக்கியும் விசில் அடிக்காவிட்டால் இன்டர்நெட்டைத் திட்டாதீர்கள். தவறு செய்த அணியிடம் பக் (ஆடும் ரப்பர் வட்டு) போகும்வரை ஆட்டம் நிற்காது. அதனால்தான் எதிரணி தன் கோல்காப்பாளரை வெளியே எடுத்து, பதிலுக்கு இன்னொரு ஆட்டக்காரரை இறக்குகிறது.

ரொறன்ரோவில் இரவு 7 மணி மேட்ச் என்றால் குளிர்காலத்தில் நமக்குக் காலை 5.30, கோடைக்கணக்கில் 4.30.