அறத்தின் மேல் நிற்கும் வள்ளுவர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலை 133 அடி என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த 133 எப்படிப் பிரிகிறது என்பதில்தான் சிற்பியின் சிந்தனை இருக்கிறது. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறிக்கும் 38 அடிப் பீடத்தின் மேல், பொருளுக்கும் இன்பத்துக்கும் உரிய 95 அடியாக வள்ளுவர் நிற்கிறார். அறத்தில் கால் ஊன்றினால்தான் மற்ற இரண்டும் நிமிரும் என்பதைக் கல்லே சொல்கிறது. வலக்கையின் மூன்று விரல்களும் முப்பாலையே காட்டுகின்றன.

சென்ற மாதம் பீடத்துக் கல்லைத் தடவியபடி, "இதைச் செய்தவர் யார், ஐயா?" என்று என் பேரன் கேட்டான். கற்பக விநாயகரை வணங்க அடிக்கடி போகும் பிள்ளையார்பட்டியில் பிறந்த கணபதி ஸ்தபதி என்றதும் வியந்து நின்றான். சிலை திறக்கப்பட்டு (1-1-2000) கால் நூற்றாண்டு கடந்த இவ்வேளையில், இந்த அளவுகளின் பொருளைச் செட்டிநாட்டுப் பள்ளிகளேனும் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், காரைக்குடி